எல்.என். 106 கெப் வைத்திருப்பவர்களே, ஹப் மாற்றியாச்சு என்று சொன்னால் கழற்றிய பழசைக் கேளுங்கள்

கந்தப்பொளை, இராகலைப் பக்கம் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என். 106 கெப்பை இன்னும் வேலைக்கு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முன் சக்கர லொக்கிங் ஹப் இரண்டையும் மாற்ற ஒரு கராஜுக்கு 74,000 ரூபாய் கொடுத்தேன். அவர்கள் எதையும் மாற்றவில்லை. என்னுடைய பழைய ஹப்பையே துடைத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்து, ஜப்பான் ரீகண்டிஷன் என்று எனக்கே விற்றுவிட்டார்கள்.

கெப் அப்பா வாங்கியது. 1991ஆம் ஆண்டு வண்டி, 2.8 டீசல், முன்னாலும் லீஃப் ஸ்பிரிங்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய கெப்புகளின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும் எங்களைப் போன்ற மரக்கறிக்காரர்கள் எட்டிப் பிடிக்கிற விலைக்கு எதுவும் வரவில்லை. அதனால் இருப்பதைப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறோம். இந்த மாதிரி ஆட்களை ஏமாற்றியதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முன் சக்கரத்தின் நடுவில் ஃப்ரீ, லொக் என்று திருப்புகிற வட்டம் இருக்கிறதே, அதுதான் ஹப். ஃப்ரீயில் சக்கரம் தன்பாட்டில் சுற்றும், உள்ளே அச்சு சும்மா இருக்கும். லொக்கில் திருப்பினால் உள்ளே இருக்கிற பல் வளையம் ஒன்று ஸ்பிரிங்கின் தள்ளலில் நகர்ந்துபோய், அச்சையும் சக்கரத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் பாரம் இழுத்தால் அந்தப் பல்லின் முனை மழுங்கும், ஸ்பிரிங்கும் சோர்ந்துபோகும். அப்புறம் ஏற்றத்தில் அழுத்தும்போது வளையம் வழுக்கி வெளியே வரும். என் வண்டியில் இடது பக்கம் அப்படித்தான் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தது.

கராஜில் இருந்த பாஸ், அதாவது மெக்கானிக், சத்தத்தைக் கேட்டவுடனேயே, “ரெண்டு பக்கமும் போயிருச்சு அண்ணே, செட்டா மாத்திருவோம், ஜப்பான் சாமான் கைவசம் இருக்கு” என்றார். சாமான் 58,000, கூலி 16,000. காலையில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன். பின்னேரம் வந்தபோது இரண்டு ஹப்பும் பளபள என்று இருந்தன. கழற்றிய பழசு எங்கே என்று கேட்டேன். “இரும்புக்காரன் இப்பதான் ஏத்திட்டுப் போனான்” என்றார். பில் என்று தந்த துண்டில் ‘ஹப் செட் 2, கூலி’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் மழை இல்லை, நாலு சக்கர இழுவை தேவைப்படவில்லை. அப்புறம் கார்த்திகை மழை பிடித்தது. விடியற்காலை நாலரை மணி, பதினெட்டு மூட்டை லீக்ஸ் ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் ஏறுகிறோம். வளைவில் பின் சக்கரம் வழுக்கியது. இறங்கி இரண்டு ஹப்பையும் லொக்கில் போட்டு, நாலு சக்கரத்தின் லோ கியரைப் போட்டு அழுத்தினேன். பின் சக்கரம் இரண்டும் குழி தோண்டியதே தவிர வண்டி ஒரு அடி நகரவில்லை. அக்கா மகன் டோர்ச் அடித்துக் கீழே குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: “மாமா, முன் சாஃப்ட் சுத்துது, முன் சக்கரம் ரெண்டும் அப்படியே நிக்குது.”

அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. என்ஜினின் சுற்றை இரண்டு முன் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற முன் டிஃபரென்ஷியல் சாதாரணமானது. ஒரு பக்க ஹப் பிடிக்காவிட்டால் சுற்று முழுவதும் அந்தப் பக்கம் சும்மா ஓடிவிடும், மற்றப் பக்கம் நன்றாக இருந்தாலும் இழுக்காது. மூட்டை அத்தனையையும் இறக்கி, மேலே சுமந்து, வேறு லொறி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சந்தை முடிந்துவிட்டது. லீக்ஸை வந்த விலைக்குத் தள்ளினேன்.

அடுத்த நாள் எங்கள் ஊரில் தோட்டத்து லொறிகளுக்கு வேலை செய்து ஓய்வுபெற்ற வயதான பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் கழற்றுவதற்கு முன்பே ஹப்பின் விளிம்பைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஹப்பை இறுக்கும் ஆறு நட்டுக்குக் கீழேயும் கூம்பு வடிவத்தில் கோன் வொஷர் இருக்கும். நட்டைத் தளர்த்தி, பித்தளைக் கம்பி வைத்துத் தட்டினால் அது தானாகத் துள்ளி வெளியே வரும். இங்கே யாரோ இரும்பு உளியை இடுக்கில் விட்டுக் கிண்டியிருக்கிறார்கள். இரண்டு முகமும் சேருகிற இடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்கு வெட்டு. அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும்.

உள்ளே இருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. வலது ஹப் முழுக்க வாய்வரைக்கும் கிரீஸ். ஹப்புக்குள் மெல்லியதாய்ப் பூசினால் போதும். இப்படி அடைத்துவிட்டால் எங்கள் ஊர்க் குளிரில் அது கொழுப்பு மாதிரி இறுகிவிடும், சோர்ந்த ஸ்பிரிங்கால் வளையத்தைத் தள்ள முடியாது. வெளியே வட்டம் லொக்கைக் காட்டும், உள்ளே வளையம் இருந்த இடத்திலேயே இருக்கும். இடது பக்கத்து வளையத்தின் மழுங்கிய பல்லை கிரைண்டரில் தேய்த்துக் கூர் வைத்திருந்தார்கள். பெயாரிங் நட்டுக்கு 54 மில்லிமீட்டர் பொக்ஸ் ஸ்பனர் வேண்டும். அது இல்லாமல் உளியால் அடித்தே இறுக்கியிருந்தார்கள். பூட்டு வொஷரின் காது பாதி உடைந்து, சக்கரத்தை ஆட்டினால் லொடலொட என்றது. ஏற்றத்தில் நின்றதோடு போயிற்றே, இறக்கத்தில் சக்கரம் கழன்றிருந்தால்?

இவ்வளவுக்குப் பிறகும் சாமானாவது வேறாக இருக்கும் என்று ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. பாஸ் ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் அழுத்தித் துடைத்தார். வெள்ளிப் பெயின்ட் உரிந்தது. விளிம்பில் ஒரு புள்ளி. மற்றதைக் கழுவினோம், இரண்டு புள்ளி. அப்பா குத்தியது அது. கழற்றினால் இடது வலது மாறக் கூடாது என்று சென்டர் பஞ்ச் வைத்து இடதுக்கு ஒன்று, வலதுக்கு இரண்டு என்று குத்திவைப்பார். நான் சின்னப் பையனாக டோர்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் புள்ளியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு ஹப்பையும் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனேன். முதலில், “வண்டி பழசு, ஓவர் லோட் அடிச்சு உடைச்சிட்டு வந்து நிக்கிறீங்க” என்று சத்தம் போட்டார். புள்ளியைக் காட்டினேன். கெப்பில் அச்சுப் பக்கத்தில் அதற்கு நேராக இருக்கிற புள்ளியையும் காட்டினேன். பேச்சு நின்றுவிட்டது. உள்ளே போய் 16,000 ரூபாயை எடுத்துவந்து, கூலியை மட்டும் திருப்பித் தருகிறேன், சாமான் காசைக் கேட்கக் கூடாது என்றார். அதை வாங்கிக்கொண்டேன். ஆனால் விட்டுவிடவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து, எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அங்கே முதலில் கேட்டது பற்றுச்சீட்டைத்தான். என்னிடம் இருப்பது விவரமில்லாத அந்தத் துண்டு. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது சட்டம். எந்தப் பக்கம், என்ன சாமான், புதியதா பழையதா என்று எழுதி வாங்குங்கள்.

பிறகு அந்த வயதான பாஸோடு கொழும்புக்குப் போய், பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறினோம். அவர் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். வெளிப் பளபளப்பை அவர் பார்க்கவே இல்லை. ஹப்பைக் கவிழ்த்து, உள்ளே விரலை விட்டுக்கொண்டே வட்டத்தைத் திருப்பினார். வளையம் ‘டக்’ என்று ஒரே மூச்சில் போய் விழ வேண்டும். பிறகு ஒவ்வொரு பல்லின் முனையையும் நகத்தால் தடவினார். முனை நேராக இருந்தால் நகம் நிற்கும், மழுங்கியிருந்தால் வழுக்கும். ஐந்தாவது கடையில்தான் ஜோடி கிடைத்தது, அய்சின் என்கிற ஜப்பான் கம்பனியின் பெயர் பொறித்தது, 46,000. பூட்டிய நாலாம் நாள் அந்த ஆறு நட்டையும் திரும்ப இறுக்கச் சொன்னார். அவை தளர்ந்தால் நட்டு ஏறுகிற ஸ்டட் கம்பி வெட்டுப்பட்டுப் போகுமாம். இறுக்கும்போது இரண்டு நட்டு கால் சுற்று போனது.

கராஜை விட்டு வண்டியை எடுக்குமுன் இதை அங்கேயே செய்து பாருங்கள். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் பக்கம் இரண்டையும் ஜெக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். என்ஜின் ஓடக் கூடாது. நாலு சக்கரக் கியரைப் போட்டு, இரண்டு ஹப்பையும் லொக்கில் திருப்பி, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். பல் சரியாக நேர்ப்படாமல் இருந்தால் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டினால் விழுந்துவிடும். அப்படியும் மற்றச் சக்கரம் அசையாவிட்டால் ஏதோ ஒரு பக்கம் பிடிக்கவில்லை. என் வலது ஹப் இதில் அன்றைக்கே மாட்டியிருக்கும். இடது மாட்டியிருக்காது, மழுங்கின பல் கைச் சுற்றுக்குப் பிடித்துக்கொள்ளும், பாரத்தில்தான் கைவிடும். அதைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

கடந்த சில மாதங்களில் உங்களுக்கும் யாராவது ஹப்பை வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பூட்டித் தந்திருந்தால், அடுத்த மழைக்கு முன்னால் ஒரு பக்கத்தையாவது கழற்றிப் பாருங்கள்.