ஃபைபர் தொட்டிக்குக் கார் பெட்ரோலா, விமானப் பெட்ரோலா?

வீட்டில் கட்டிய விமானத்தின் எரிபொருள் தொட்டி கண்ணாடியிழையும் ரெசினும் சேர்ந்தது என்றால், பெட்ரோல் விலையைப் பார்க்கும் முன் எத்தனாலைப் பாருங்கள். கார் பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் சிலவகை எபாக்சி ரெசினை மெல்ல இளக்கிவிடும். உள்பூச்சு உரிந்து வடிகட்டியை அடைக்கும். தொட்டி செய்த அதே ரெசினில் ஒரு துண்டை வார்த்து, அந்தப் பெட்ரோலில் சில வாரங்கள் ஊறவிடுங்கள். நகம் பதிந்தால் அந்த எரிபொருள் வேண்டவே வேண்டாம்.

100எல்எல் எனப்படும் வகை விமானப் பெட்ரோலில் எத்தனால் இல்லை. கார் பெட்ரோலைவிட மெதுவாக ஆவியாவதால், உயரத்தில் குழாய்க்குள் ஆவி அடைத்துக்கொள்ளும் அபாயமும் குறைவு. ஆனால் ஈயம் உண்டு. சிறு விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் 912 போன்ற எஞ்சின்களில் அது ஸ்பார்க் பிளக்கில் படியும், எஞ்சின் எண்ணெயை அடிக்கடி மாற்ற வைக்கும். எத்தனால் கலக்காத கார் பெட்ரோல் கிடைத்தால் அந்த எஞ்சினுக்கு அதையே ஊற்றுவேன். கிடைக்காவிட்டால், தயக்கமின்றி விமானப் பெட்ரோல்தான்.