லான்சரா, சிட்டியா, ஜிப்சியா? குமரிக்கு ஏற்ற பழைய ஜப்பானியக் கார்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வட்டக்கோட்டைப் பக்கமோ முட்டத்துப் பக்கமோ பழைய கார்க்காரர்கள் கூடும்போது அங்கே சங்கமும் கிடையாது, பரிசும் கிடையாது; பேனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவது மட்டுமே உண்டு. அந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: இருபது, இருபத்தைந்து ஆண்டு கடந்த ஜப்பானியக் கார் ஒன்றை இன்று வாங்குவதென்றால், மிட்சுபிஷி லான்சரா, முதல் தலைமுறை ஹோண்டா சிட்டியா, சுசுகி வடிவமைப்பில் வந்த மாருதி ஜிப்சியா? ஸ்கைலைன், சுப்ரா போன்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களைக் கைப்பேசியில் பார்த்து வளர்ந்த இளைஞர்களுக்கு இந்தப் பட்டியல் சப்பென்று தோன்றக்கூடும். ஆனால் லான்சர் திருவள்ளூரிலும், சிட்டி கிரேட்டர் நொய்டாவிலும், ஜிப்சி குர்கானிலும் தயாரானவை. நம் சாலைகளில் ஓடிய ஜப்பான் இதுதான்.

சிட்டியிலிருந்து தொடங்கலாம். 1998-ல் 1.3 லிட்டர், 1.5 லிட்டர் என இரண்டு பெட்ரோல் எஞ்சின்களோடு வந்த இந்தக் கார், 2000-ல் 106 குதிரைத்திறன் கொண்ட வி-டெக் எஞ்சினைப் பெற்ற பிறகுதான் பெயர் வாங்கியது. எஞ்சின் சுழற்சி குறைவாக இருக்கும்போது ஒரு கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் முட்டை வடிவத் துண்டு) வடிவத்தில் இயங்கும் வால்வுகளை, சுழற்சி ஏறியதும் எண்ணெய் அழுத்தத்தால் ஒரு பின் நகர்ந்து ராக்கர்களை (கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல்களை) ஒன்றாகப் பூட்டி, இன்னும் உயரமாகவும் கூடுதல் நேரமும் திறக்க வைப்பதே வி-டெக்கின் வேலை. அந்த மாற்றம் நிகழும்போது எழும் ஓசைக்காகவே தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழி வரை ஒரு சுற்று போய் வருபவர்கள் இருக்கிறார்கள். விற்பவர் காரின் பின்னால் ஒட்டியிருக்கும் ‘வி-டெக்’ என்ற சிவப்பு எழுத்தை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. எழுத்து கடையில் கிடைக்கும். சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் வி-டெக் சோலனாய்டு (அந்த எண்ணெய் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின் வால்வு) இருக்கிறதா என்று பார்த்து, எஞ்சின் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிட வேண்டும்.

சிட்டிக்கு ஒரு பிறவி நோயும் உண்டு. அக்கால ஹோண்டாக்களுக்குப் பொதுவான அந்த நோய், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள மெயின் ரிலேயில் (பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சில்) இருக்கிறது. மதிய வெயிலில் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், பின் பக்கத்திலிருந்து பெட்ரோல் பம்ப் எழுப்பும் இரண்டு விநாடி ரீங்காரம் கேட்காது. ஸ்டார்ட்டர் சுற்றும், வண்டி பற்றாது. கண்ணாடிகளை இறக்கி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் பற்றிக்கொள்ளும். வெப்பத்தால் ரிலேயின் உள்ளே சால்டர் (ஈயப் பற்றவைப்பு) விரிசல் விடுவதே காரணம். இதை அறியாமல் பம்ப்பை மாற்றியவர்கள் பலர். ரேடியோ பழுது பார்ப்பவர் ஒருவர் மறுபடி சால்டர் வைத்தால் தீர்ந்துவிடும் வேலை அது.

ஓட்டுவதற்கு மட்டும் என்றால் என் வாக்கு லான்சருக்கே. எண்களைப் பார்த்தால் அது தோற்க வேண்டும்: 1468 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு 87 குதிரைத்திறன்தான், சிட்டி வி-டெக்கைவிட ஏறத்தாழ இருபது குறைவு. ஆனால் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ரப்பர்த் தோட்டங்களுக்கு இடையே ஏறும் சாலையில், ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும்போது, பல சிறு ஆர்ம்களால் சக்கரத்தைத் தாங்கும் லான்சரின் மல்டி-லிங்க் பின் சஸ்பென்ஷன் சக்கரங்களைத் தரையோடு பிடித்து வைத்திருப்பதை இருக்கையிலேயே உணரலாம். 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை டோமி மாக்கினென் உலக ராலி சாம்பியன் பட்டம் வென்றது லான்சரின் பந்தய வடிவங்களான எவல்யூஷன்களில்தான். அவற்றில் நான்காம் எவல்யூஷன் முதலானவை இதே தலைமுறை லான்சரின் உடலின் மேல் கட்டப்பட்டவை. நம் ஊர் லான்சரில் அந்த டர்போவும் இல்லை, நான்கு சக்கர இயக்கமும் இல்லை. எலும்புக்கூடு மட்டும் உறவு. டீசல் லான்சரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, 68 குதிரைத்திறனில் இரண்டு லிட்டர் எஞ்சினை இழுத்துக்கொண்டு திரிவதற்கு ஆசை எதற்கு என்பதே என் பதில்.

ஆனை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பார்கள். லான்சரில் சிக்கல், அங்குசமே கடையில் கிடைக்காது என்பதுதான். அதைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஹெட்லைட், பின் சஸ்பென்ஷனின் சிறு ஆர்ம்கள், கண்ணாடி ரப்பர்கள் ஆகியவற்றை, பாகம் பாகமாகப் பிரித்து விற்கப்படும் பழைய வண்டிகளிலிருந்துதான் தேடி எடுக்க வேண்டும். சிட்டிக்கும் உடல் பாகங்கள் அரிதாகி வருகின்றன. எனினும் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் போன்றவை சிரமமின்றிக் கிடைக்கின்றன. அந்த பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனோடு மோதும் என்பதால், முந்தைய உரிமையாளர் போன வருடம்தான் மாற்றியதாகச் சொன்னாலும், கையில் பில் இல்லாவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது.

ஜிப்சியின் கதை வேறு. 1985-ல் 970 சிசி எஞ்சினோடு வந்து, 1996-ல் 1298 சிசியும் 2000-ல் மல்டி-பாயின்ட் எரிபொருள் செலுத்தலும் 80 குதிரைத்திறனும் பெற்ற அந்த வண்டியை ராணுவமும் காவல் துறையும் நெடுங்காலம் பயன்படுத்தியதால், அதன் எந்தப் பாகத்தையும் இன்றும் வாங்க முடிகிறது. வேகம் குறைத்து இழுவை கூட்டும் லோ ரேஞ்ச் கியரில் போட்டால் பேச்சிப்பாறைக்கு மேலே எந்தச் சேறும் அதற்குப் பொருட்டல்ல. ஆனால் லாரியைப்போல் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் வைத்த, உயரமான, எடை குறைந்த வண்டி அது. ஆடி மாதக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகளைக் கடக்கும்போது ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பிடித்திருக்க வேண்டும். அதே இடத்தை லான்சர் வானொலி கேட்டுக்கொண்டே கடக்கும். மேலும், ஏலத்தில் எடுத்த ராணுவ ஜிப்சி என்று சொல்லி வருபவற்றில் காகிதங்கள் முழுமையாக உள்ளவை குறைவு.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த மாவட்டத்தில் வண்டியைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, தகடு. குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ கடலை ஒட்டி நின்ற காரில் உப்புக்காற்று கதவு மடிப்புகளிலும் மின் இணைப்புகளிலும் ஒருசேர வேலை செய்திருக்கும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் நின்ற காரில் இரு பருவமழையின் செம்மண் சேறு வீல் ஆர்ச்சுகளுக்குள் தங்கி அடியிலிருந்து அரித்திருக்கும். பின்னது டிங்கர் வேலைக்கு அடங்கும், முன்னது அடங்காது என்பது என் கணிப்பு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைத் தடவிப் பார்க்க வேண்டும். கதவின் அடி விளிம்பில் உள்ள தண்ணீர்த் துளைகளை விரலால் தேய்த்தால் செந்தூள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சிறு காந்தத்தை வீல் ஆர்ச் நெடுக நகர்த்தினால், அது ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மூடப் பூசிய பட்டிதான் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கவர் போட்டு மூடி வைத்த வண்டி என்று பெருமையாகச் சொன்னால் கூடுதல் சந்தேகம் தேவை, ஏனெனில் கடலோரத்தில் அந்தக் கவர் உப்பு ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஜிப்சிக்கு இங்கே ஒரு சலுகை உண்டு: அதன் உடல் சட்டத்தின் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருப்பதால், தகடு போனாலும் பிரித்து மாற்றலாம். சட்டத்தின் உள்பக்கம் அரித்திருந்தால் மட்டும் கைகழுவ வேண்டும். லான்சரிலும் சிட்டியிலும் உடலே சட்டம். தரை போனால் கார் போயிற்று.

மாருதி 800-இன் முதல் வடிவமான 1983-ஆம் ஆண்டு எஸ்எஸ்80 எப்போதாவது வந்தால் எல்லோரும் அதைச் சுற்றி நின்றுவிடுகிறார்கள். அது இந்த ஒப்பீட்டில் சேராது. பாதுகாக்க வேண்டிய வண்டி அது, பேச்சிப்பாறைக்கு ஏற்ற வேண்டியதல்ல. அதற்குக்கூட விண்டேஜ் பதிவு கிடைக்காது, ஏனெனில் விதிப்படி 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். எனவே இவை அனைத்தும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சாதாரணக் கார்களைப்போலவே எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நிற்க வேண்டியவை, அங்கேயும் தகட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஆகவே தரை சுத்தமாக உள்ள சிட்டி வி-டெக் கிடைத்தால், ஸ்பீட் பிரேக்கர்தோறும் அடி உரசும் எரிச்சலையும் பொறுத்துக்கொண்டு அதை வாங்கலாம். மலையடிவாரத்தில் வீடும் மண் பாதையும் உள்ளவருக்கு ஜிப்சி. லான்சரோ, பாகங்களுக்காக ஓடாத இன்னொரு லான்சரை நிறுத்தி வைக்க முற்றத்தில் இடம் உள்ளவருக்கு மட்டும். அப்படி ஒருவர் முட்டத்துக்கு வந்தால் சாவியைக் கேட்கும் முதல் ஆள் நானாக இருப்பேன்.