காட்பாடில வீடு கட்டி முடிச்சாச்சு, கான்ட்ராக்டர் பத்தி ஒரு ரிவியூ

கிரகப்பிரவேசம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. காட்பாடி பக்கம் 1,150 சதுர அடி, மெட்டீரியலோட சதுர அடி 2,250 ரூபான்னு பேசினது. கான்ட்ராக்டர் கிட்ட உங்க பேர் போடலாமான்னு கேட்டதுக்கு "வேணாம் சார், கையில இருக்கற வேலையே ஓடல, இன்னும் போன் வந்தா இன்னா பண்றது"ன்னுட்டாரு. அதனால பேர் இல்லாத ரிவியூ தான்.

முதல்ல திட்டிடறேன். எட்டு மாசம்னு சொல்லி ஒரு வருஷம் இழுத்தாரு. பாத்ரூம் வாட்டம் சரியில்ல, தண்ணி கதவாண்டையே வந்து நிக்குது, ஒரு தடவ ஒடச்சு போட்டும் அப்படியே தான் இருக்கு. ஹெல்மெட் வாங்கி வெச்சிருக்காரு, ஆனா அது ஆணில தொங்கினு இருக்கும், சாரத்து மேல நிக்கறவன் தலையில துண்டு தான், அத கேக்கவே மாட்டாரு.

மத்தபடி ஆளுங்கள வெச்சுக்கற விதத்துல இவர மாதிரி நான் பாத்ததில்ல. அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடியே தகரம் அடிச்சு ஒரு கக்கூஸ் போட்டாரு, பில்லுல அதையும் பாத்துட்டு இது எதுக்கு தண்டச் செலவுன்னு கேட்டேன். "வேலூர் வெயில்ல பொம்பளைங்க சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காம கலவை சுமக்கறாங்க, ஏன்னு நினைச்சீங்க?"ன்னாரு. பதில் வரல எனக்கு. சத்துவாச்சாரில எங்க அண்ணன் வீடு கட்டினப்போ சித்தாளுங்க மத்தியானம் ரெண்டு மூணு பேரா சேந்து பக்கத்து காலி மனைக்கு போவாங்க, நான் ஒரு நாள் கூட அத யோசிக்கல.

அப்புறம் கே.வி.குப்பத்துல இருந்து வேலைக்கு வந்த ஒரு அக்கா. பதினெட்டு வருஷம் சித்தாளா சும்மாடு வெச்சு கலவை பாண்டு தூக்கினது, இங்க கொத்தனார் கரண்டி புடிக்குது. எங்க ஹால் உள்பூச்சு அது பூசினது தான். உண்மைய சொல்லணும்னா எனக்கு நம்பிக்க இல்ல, சாயங்காலம் எல்லாரும் போனதும் மட்டக்கோல வெச்சு பாத்தேன், ஒரு சந்து தெரியல, வெக்கமா போச்சு. கூலியும் கொத்தனார் கூலி தான், சனிக்கிழமை கையில. சம வேலைக்கு சம கூலின்னு 1976லயே சட்டம் வந்துடுச்சு, ஆனா கரண்டியே குடுக்கலன்னா அது எப்படி சம வேலை ஆகும்? ரோட்டுல நின்னு ஆள் எடுக்கறப்பவே ஆம்பளைன்னா கொத்தனார் ஆகலாம், பொம்பளைன்னா கடைசி வரைக்கும் சித்தாளு.

வீடு கட்டறவங்க கவனிங்க, பிளான் அப்ரூவலப்போ 1 சதவீதம் தொழிலாளர் நல நிதின்னு கட்டறோம்ல, அது இவங்களுக்கு தான், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994ல இருந்து இருக்கு, புள்ளைங்க படிப்பு, கல்யாணம், பிரசவம், 60 வயசுக்கு மேல பென்ஷன் எல்லாம் உண்டு, ஆனா பேர் பதிஞ்சு கார்டு உயிரோட இருக்கணும். அந்த அக்கா கார்ட ரெனியூ பண்ணாமயே விட்டிருந்துது. இவரே வேலை சான்றுல கையெழுத்து போட்டு ஆன்லைன்ல முடிச்சு குடுத்தாரு.

கம்பி கட்ட வந்த நாலு பசங்க மேற்கு வங்காளம். சாப்பாடு, ரூம் எல்லாம் இவரே பாத்துக்கினாரு, பாஷை பிரச்சனையே இல்ல, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற பெங்கால்காரங்க புண்ணியத்துல நம்ம ஊர்ல டீக்கடைக்காரர் கூட பெங்காலி பேசுவாரு. ஸ்டோர் கணக்கு பாக்கற தம்பிக்கு ஒரு கால் வராது, ஆனா ஒரு சிமெண்ட் மூட்ட கொறஞ்சா கண்டுபுடிச்சிடுவான்.

ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு நாலு. வாட்டம் சரி பண்ண பொங்கல் முடிஞ்சு டைல்ஸ் ஆள அனுப்பறேன்னாரு. அக்காவையும் அனுப்புங்கன்னேன். டைல்ஸ் அதுக்கு பழக்கமில்ல சார்ன்னாரு. பரவால்ல, மட்டம் பாக்கவாச்சும் வரட்டும்னு சொல்லியிருக்கேன்.