சீமெந்து டின்னா, தண்ணிக் கானா, ஜிம்மா? வளரும் பிள்ளைக்கு ஏற்ற பாரம்

"பாரம் தூக்கினால் கட்டையாப் போவாய்" என்று பிள்ளையை ஜிம்முக்கு விடாத வீடுகள் கிளிநொச்சியிலும் உண்டு, புதுக்குடியிருப்பிலும் உண்டு. விதைப்புக் காலத்தில் அதே 14 வயதுப் பிள்ளை 50 கிலோ உரப்பையைத் தோளில் ஏற்றும். பயப்பட வேண்டியது அந்தப் பைக்குத்தான்.

கை கால் எலும்புகள் நீள்வது அவற்றின் நுனிக்குக் கிட்ட இருக்கும் வளர்ச்சித் தட்டில். அது கசியிழையம், முற்றிய எலும்பளவு உறுதி அதற்கு இல்லை. பெண்பிள்ளைகளுக்கு 14, 15 வயதை அண்டியும் ஆண்பிள்ளைகளுக்கு 16, 17ஐ அண்டியும் அது எலும்பாகி மூடும். ஆளுக்காள் இது மாறும். மதிலிலிருந்து குதிக்கும்போது காலில் இறங்கும் விசையே உடல் எடையின் பல மடங்கு. அதைத் தாங்கும் தட்டின் வளர்ச்சி, அளவான பாரத்தில் நின்றுபோகாது. முறையாகப் பழக்கினால் உயரம் பாதிக்காது என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2020இல் எழுதியது. தட்டு உடைவது பிடி நழுவி, மூட்டு மடங்கி, தாங்காத எடை மேலே வரும்போது. ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு: பாரத்தை எவ்வளவு கொஞ்சமாகக் கூட்டலாம், கை தவறினால் அது எங்கே விழும்.

பைப்பின் இரு நுனியிலும் டின் வைத்து வீட்டில் வார்க்கும் சீமெந்துப் பாரம் இந்த இரண்டு விடயத்திலும் தோற்கிறது. 4 லீற்றர் பெயின்ற் டின்னை கொங்கிறீற்றால் நிரப்பினால் 9 கிலோவுக்கு மேல் வரும். இரண்டு டின்னும் பைப்பும் சேர 20 கிலோ. இறுகிய பிறகு கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒரு டின்னில் அரை லீற்றர் குறைந்தாலே அந்தப் பக்கம் ஒரு கிலோவுக்கு மேல் இலேசாகி, முதுகு ஒருபக்கம் வளையும். பைப் நுனியில் குறுக்குக் கம்பி வைக்காமல் வார்த்திருந்தால் டின் சுழலும். தலைக்கு மேலே அது சுழன்றால் மணிக்கட்டு பின்னால் மடங்கும். வளர்ச்சித் தட்டு அடிக்கடி காயப்படும் இடங்களில் மணிக்கட்டும் ஒன்று. இதை வேண்டாம் என்றே சொல்வோம்.

தண்ணிக் கான் எவ்வளவோ மேல். ஒரு லீற்றர் ஒரு கிலோ, தராசு தேவையில்லை. 5 லீற்றர்க் கான்கள் இரண்டை 3 லீற்றரில் தொடங்கலாம். அரைக்கானில் தண்ணி அலைந்து கையை இழுக்கும் என்பதால் மெதுவாகத் தூக்க வேண்டும். கைபிடியில் துணி சுற்றினால் வழுக்காது. தலைக்கு மேலே மட்டும் கொண்டுபோகக் கூடாது.

தண்டால் நல்லது, முடியாதவர் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம். மாங்கொப்பில் தொங்கி ஏறுவது தன் முழு எடையையும் இழுப்பது, தொடக்கத்துக்கு ஏற்றதல்ல.

ஜிம்மில் பெரிய கம்பி வெறுமனே 20 கிலோ. பலர் தவறுவது இங்கேதான். சிறுவருக்கு டம்பெல் கொடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இருந்தால் ஜிம்தான் முதலிடம். இல்லையென்றால் வீட்டுக் கானே போதும்.

எதிலென்றாலும் கிழமைக்கு 2, 3 நாள், ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை, இரண்டு சுற்று. கடைசித் தடவையும் முதுகு நேராக நின்றால் மட்டும் அடுத்த கிழமை பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். "உச்சமா எவ்வளவு தூக்குவாய்" என்ற போட்டி, வளர்ச்சி முடியும்வரை வேண்டாம்.

மூட்டுக்குக் கிட்ட எலும்பை அமர்த்தும்போது நொந்தால், அல்லது வீங்கினால், எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். விலகிய தட்டு இன்னும் விலகக்கூடும். அசையாமல் கட்டி, அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்கக்கூடிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.