சாயா மாத்திரை: பாடம் நடத்தும் ஒரு செவிலியரின் பார்வையில்

நர்சிங் மாணவிகளுக்குச் சமுதாய நலப் பாடம் எடுக்கிறேன். குடும்ப நல வகுப்பில் அவர்கள் கையில் நான் முதலில் கொடுப்பது, பெண்கள் சாப்பிடும் கருத்தடை மாத்திரையான சாயாவின் அட்டையைத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். மருந்துக் கடையில் சஹேலி என்று விற்பதும் இதே சென்ட்குரோமன் என்ற மருந்து, 30 மி.கி.தான். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி, 1991-இல் விற்பனைக்கு வந்த நம் நாட்டுச் சரக்கு.

இதில் ஹார்மோன் கிடையாது. ஹார்மோன் உள்ள தினசரி கருத்தடை மாத்திரையான மாலா-என் சாப்பிட்டுக் குமட்டல், தலைவலி என்று பாதியில் நிறுத்தியவர்களுக்கு இதைத் தைரியமாகச் சொல்லலாம். பால் கொடுக்கும் தாய்க்கு மாலா-என் தர ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இதற்கு அந்தத் தடை இல்லை. எனக்கு இந்த மாத்திரையை ரொம்பப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

சிக்கல் எல்லாம் சாப்பிடும் முறையில்தான். மாதவிலக்கின் முதல் நாள் ஆரம்பித்து, மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு. அப்புறம் வாரத்துக்கு ஒன்று. முதல் மாத்திரை ஞாயிறு என்றால் அடுத்தது புதன். திங்கள் என்றால் வியாழன். நாலாவது மாதத்திலிருந்து அந்த முதல் கிழமை மட்டும். இதை வாயால் சொல்லி அனுப்பினால் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துபோகும். கிராமத்தில் களப்பணிக்குப் போனபோது என் மாணவி ஒருத்தி, மாத்திரை வாங்கிய ஓர் அக்கா வீட்டுச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரையே இறக்கி, திங்களையும் வியாழனையும் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து எல்லா மாணவிகளையும் சிவப்புப் பேனாவோடுதான் அனுப்புகிறேன்.

மறந்துவிட்டால்? ஏழு நாளுக்குள் என்றால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு, வழக்கமான கிழமையில் தொடர வேண்டும். அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறையும் வேண்டும். ஏழு நாள் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து, வாரம் இரண்டு என்று.

இன்னொன்றை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு ஆரம்ப மாதங்களில் நாள் தள்ளிப்போகும். "ஏம்மா, தங்கிடுச்சா?" என்று பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு, நிறுத்தினால்தான் நிஜமாகவே தங்கும். இது மருந்தின் இயல்பு, பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம் என்று முன்னாலேயே சொன்னால் பயம் பாதி குறையும்.

சினைப்பை நீர்க்கட்டி, மஞ்சள் காமாலை, கல்லீரல் கோளாறு இருப்பவர்களுக்கு இது வேண்டாம். பால்வினை நோயையும் தடுக்காது. அதனால் அட்டையை நீட்டுவதற்கு முன்னால் இதையெல்லாம் கேளுங்கள், பெண்களே. மாமியார் பக்கத்தில் நின்றால் தனியாக அழைத்துப் போய்க் கேளுங்கள்.