நாளைக்கு மழையா? பஞ்சாங்கம், வெதர்மேன், செல்போன், வானிலை மையம்: ஓர் அலசல்

ஐப்பசி பிறந்தால் டெல்டாவில் குறுவை அறுத்தவர்களுக்கு ஒரே கவலைதான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுப்பார்கள். சாலையில் கொட்டிய நெல்லை இன்னும் ஒரு வெயில் காயவிடுவதா, இப்போதே தார்ப்பாய் போட்டு மூடுவதா? பதில் சொல்ல நாலு தரப்பு இருக்கிறது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சொன்னது பொய்த்தால், பொய்த்தது என்று நமக்குத் தெரியவருமா?

பஞ்சாங்கத்தில் அது தெரியவராது. சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் படிக்கும்போது, இந்த வருஷம் மேகாதிபதி (மேகங்களுக்கு அதிபதியான கிரகம்) யார், எத்தனை மரக்கால் மழை என்று சொல்வார்கள். அதில் கடலுக்கு 10 பங்கு, மலைக்கு 6, நிலத்துக்கு 4 என்பது பழைய கணக்கு. எந்த ஊரில், எந்த நாளில், எத்தனை சென்டிமீட்டர் என்ற பேச்சே இல்லை. ஐப்பசியில் அடைமழை என்று பழமொழியே இருக்கும்போது, ஐப்பசியில் மழை என்று அச்சடித்தால் பெரும்பாலும் பலிக்கத்தான் செய்யும். வெள்ளம் வந்ததும் 'அன்றே சொன்னது' என்று ஒரு பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும். பலிக்காத வருஷத்தின் பக்கத்தை யாரும் அனுப்புவதில்லை. ஆனால் கர்ப்போட்டம் பார்க்கும் பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. மார்கழியில் சூரியன் பூராடத்தில் இருக்கும் நாட்களில் மேகம் எப்படிக் கூடுகிறது என்று பார்த்து, அடுத்த மழைக்காலத்தைச் சொல்பவர்கள் அவர்கள். கணிப்பு சரியோ தப்போ, வானத்தை உட்கார்ந்து கவனித்தவர்கள்.

இணையத்தில் தனியாக வானிலை சொல்லும் வெதர்மேன்கள் கதை வேறு. 2015 வெள்ளத்தில் 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜானின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே விடிய விடிய விழித்திருந்த குடும்பங்கள் சென்னையில் ஏராளம். ரேடார் படத்தைப் போட்டு, மேகக்கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது, எந்தப் பகுதி நனையும் என்று ஏரியா பெயரோடு சொல்கிறார்கள். அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு இதைவிட உதவி வேறில்லை. வானிலையைக் கணிக்கும் கணினி மாடல்களில் ஐரோப்பிய மாடல் ஒன்று சொல்கிறது, அமெரிக்க மாடல் வேறு சொல்கிறது என்று வெளிப்படையாகச் சொல்பவர்களை நான் நம்புவேன். 'பேய் மழை, தப்பிக்க முடியாது' என்று யூடியூபில் தலைப்பு வைப்பவர்களை நம்ப மாட்டேன். தப்பானால் அந்த வீடியோவே காணாமல் போய்விடும்.

செல்போன் ஆப் காட்டும் '60 சதவீதம் மழை வாய்ப்பு' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் உலக அளவிலான மாடல்களில் இருந்து எடுத்துப் போடுவதுதான். மாலையில் திடீரென்று கூடும் இடிமழை அதில் சிக்குவது அபூர்வம்.

கடைசியாக வானிலை ஆய்வு மையம். 'ஓரிரு இடங்களில் மழை பெய்ய வாய்ப்பு' என்ற அறிக்கையைக் கேலி செய்யாதவர் இல்லை. ஆனால் நாலு பேரில் தேதி, மாவட்டம், அளவு மூன்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, மறுநாள் காலை 8.30 மணிக்கு மழைமானியில் அளந்து வெளியிடும் கடமை உள்ளது இவர்களுக்கு மட்டும்தான். 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் கொட்டிய மழையை அவர்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை. கணிப்பு தவறியது ஊருக்கே தெரிந்தது. 2024 அக்டோபர் 16க்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அன்று மழை பயந்த அளவுக்கு இல்லை. மீம்ஸ் பறந்தன. காரைப் பாலத்தில் ஏற்றியவர்கள் செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். 2015ஐப் பார்த்த வேளச்சேரிக்காரருக்கு ஒருநாள் பார்க்கிங் சிரமம் ஒரு நஷ்டமா? சிவப்பு என்றால் கட்டாயம் கொட்டும் என்று அர்த்தமில்லை. கொட்டினால் தாங்காது, இப்போதே தயாராகு என்று அர்த்தம்.

மையத்தின் உண்மையான குறை எனக்குத் தெரிந்தது 2023 டிசம்பரில். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எச்சரிக்கை கொடுத்தோம் என்றது மத்திய அரசு. இவ்வளவு என்று சொல்லவில்லையே என்றது மாநில அரசு. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. 20 செ.மீ.க்கு மேல் எல்லாமே 'அதி கனமழை'தான். 21ம் அதே சிவப்பு, 95ம் அதே சிவப்பு.

ஒரே மாடலைப் பலமுறை சற்றே மாற்றி ஓட்டி, எத்தனை முறை எந்த அளவு வருகிறது என்று பார்க்கும் வசதி வானிலை மையத்திடம் 2018 முதலே இருக்கிறது. அப்புறம் என்ன தயக்கம்? '20 செ.மீ. தாண்ட பத்தில் ஆறு வாய்ப்பு, 40 தாண்ட பத்தில் ஒன்று' என்று மாவட்டவாரியாகத் தமிழில் கொடுக்கலாமே. நெல் காயவைப்பவர் பத்தில் மூன்று என்றாலே மூடிவிடுவார். ஆற்றங்கரை ஊர்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டிய கலெக்டருக்குப் பத்தில் ஒன்றே போதும்.