ஆண்டிவைரஸ் சந்தா: கட்டுவதா, விடுவதா?

பல ஆண்டுகளாகக் காசு கட்டி வைத்திருந்த பாதுகாப்பு மென்பொருளின் சந்தாவைச் சென்ற ஆண்டு நான் புதுப்பிக்கவில்லை. அதை முழுவதுமாக நீக்கிவிட்டு, விண்டோஸோடு சேர்ந்தே வருகிற டிஃபெண்டரிடம் வீட்டுக் கணினியை ஒப்படைத்துவிட்டேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டியூஷன் நடத்துகிறவள் என்பதால் பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோர் இந்தக் கேள்வியை விடாமல் கேட்கிறார்கள். "டீச்சர், கணினிக் கடையில் ஆண்டிவைரஸ் போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள், போடவா?" தோட்டத்திலிருந்தும் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வருகிற குடும்பங்கள். ஓர் ஆண்டுச் சந்தா அவர்களுக்கு யோசித்துச் செலவழிக்க வேண்டிய பணம். என் சாய்வு இலவசத்தின் பக்கம்தான். ஆனால் எல்லா இலவசமும் ஒன்றல்ல.

வைரஸைப் பிடிக்கும் திறமையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. டிஃபெண்டர் ஒரு காலத்தில் பின்தங்கியிருந்தது உண்மை. 'இலவசம் உதவாது' என்ற பேச்சு அந்தக் காலத்தில் பிறந்தது. இன்று ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என ஒவ்வொன்றுக்கும் 6 வீதம் மொத்தம் 18 புள்ளிகள் வைத்து நடத்தும் சோதனைகளில் அது பலமுறை முழுப் புள்ளி வாங்கியிருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற பெரிய பெயர்களும் அதே வரிசையில்தான் நிற்கின்றன. பள்ளிப்பாடம், வருமான வரிப் படிவம், பல்கலைக்கழக விண்ணப்பம் என்று ஓடுகிற ஒரு வீட்டுக்கு இந்த இரண்டில் எது இருந்தாலும் போதும்.

வெளியிலிருந்து பதிவிறக்கும் இலவச ஆண்டிவைரஸ் எனக்கு வேண்டாம். காசு வாங்காத நிறுவனம் வேறு வழியில் சம்பாதித்தாக வேண்டும். மூலையில் விளம்பரப் பெட்டி, 'மேம்படுத்துங்கள்' என்ற நச்சரிப்பு. அதோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவாஸ்ட் நிறுவனம், பயனர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது; 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்ட்டுக்கு 1 கோடியே 65 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. காவலுக்கு வைத்தவரே வீட்டுக் கதையை வெளியில் விற்றால் அந்தக் காவல் எதற்கு?

ஆகப் போட்டி டிஃபெண்டருக்கும் காசு கட்டும் மென்பொருளுக்கும் இடையில்தான். என் முடிவைத் தீர்மானித்தது புதுப்பித்தல். வாங்குகிற நாளில் யாரும் அதை நினைப்பதில்லை.

முதல் ஆண்டு விலை பெரும்பாலும் தள்ளுபடி விலை. இரண்டாம் ஆண்டு முழு விலை வரும். இணையத்தில் வாங்கியிருந்தால் தானாகப் புதுப்பிக்கும் வசதி திறந்தே இருக்கும். வங்கி அட்டையிலிருந்து பணம் போன பிறகுதான் தெரியும். வெளிநாட்டு நிறுவனங்கள் இணையம் வழியாகத் தரும் சேவைகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் சேவை வரி உண்டு. 2024 மார்ச்சில் அது 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. அட்டை கொடுக்காமல் கடையில் உரிமக் குறியீடாக வாங்கினால் பணம் தானாகப் போகாது. ஆனால் தேதியை யாராவது நினைவு வைத்திருக்க வேண்டும். இங்கே பல வீடுகளில் அதைக் கவனிப்பது படிக்கிற பிள்ளை. அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கோ, ஈப்போவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்டால் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவனோடு போய்விடுகின்றன.

பிறகு அந்தக் கணினியைத் திறந்து பாருங்கள். என் மாணவி ஒருத்தியின் வீட்டில் பார்த்தேன். திரையின் வலது கீழ் மூலையில் சிவப்புப் பட்டையோடு ஒரு பெட்டி: 'உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது.' அதன் மேலேயே இன்னொரு பெட்டி, ஏறக்குறைய அதே நிறம், அதே கேடயப் படம், 'ஐந்து வைரஸ்கள் உள்ளன, இப்போதே புதுப்பியுங்கள்.' முதலாவது உண்மையான மென்பொருளின் அறிவிப்பு. இரண்டாவது, ஏதோ ஓர் இணையப் பக்கத்தில் 'அனுமதி' என்று அழுத்தியதால் உலாவி வழியாக வந்து விழும் மோசடி. தாயார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எதில் கட்டுவது, டீச்சர்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என் மனத்தை முடிவாக மாற்றியது. காசு கட்டும் மென்பொருள் இருக்கிற வீட்டில் 'பணம் கட்டு' என்று வருகிற செய்தி உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டருக்குச் சந்தாவே கிடையாது. அதை மட்டும் வைத்திருக்கும் வீட்டில், ஆண்டிவைரஸ் பேரைச் சொல்லிப் பணம் கேட்டு வருகிற எதுவும் பொய். வீட்டில் உள்ள பாட்டிக்கும் இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

காலாவதியான மென்பொருள் உட்கார்ந்திருப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. வேறு ஆண்டிவைரஸை நிறுவியதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். புதியவரின் காலம் முடிந்ததும் அது மறுபடி விழித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நடைமுறையில் கண்ணால் பார்த்து உறுதி செய்வதே நல்லது. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால், இப்போது காவல் யார் கையில் என்று காட்டும். காலாவதியானதை முறையாக நீக்கிவிட்டுக் கணினியை ஒருமுறை அணைத்துத் திறந்தால் டிஃபெண்டர் பொறுப்பேற்றுக்கொள்ளும்.

காசு கட்டுவதில் நன்மையே இல்லையா? இருக்கிறது. டிஃபெண்டர் இணையத் தொடர்பை நம்பி வேலை செய்கிறது. தொடர்பு இல்லாதபோது அதன் பிடிக்கும் திறன் குறைகிறது என்பதை ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தோட்டப் பகுதிக்கு இது சின்ன விஷயம் அல்ல. பல வீடுகளில் இணையம் என்பது அப்பாவின் கைப்பேசி ஹாட்ஸ்பாட். அவர் வேலைக்குப் போனால் இணையமும் போய்விடும். அந்த நேரத்தில் பிள்ளை நகலெடுக்கும் கடைக்குப் போய்வந்த பென்டிரைவைச் செருகுகிறது. கோப்புறைகள் எல்லாம் மூலையில் சிறு அம்புக்குறியோடு குறுக்குவழிகளாக மாறியிருக்கும் அந்தப் பழைய வைரஸை நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். உண்மையான கோப்புகள் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். ஆனால் அவசரத்தில் அந்த அம்புக்குறியை அழுத்தினால் வைரஸ் கணினிக்குள் வந்துவிடும். இணையம் அடிக்கடி இல்லாத, பென்டிரைவ் நிறைய புழங்குகிற வீட்டில் காசு கட்டுவதற்கு நியாயம் உண்டு. என் வீட்டில் கம்பிவழி இணையம் எப்போதும் இருப்பதால் இந்தக் குறை என்னைத் தொடவில்லை.

வேகத்தில் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது இணைய வகுப்புக்காக அவசரமாக வாங்கிய, நான்கு ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினிகளில் டிஃபெண்டர் முழுச் சோதனை ஓடும்போது மற்ற வேலைகள் திணறுகின்றன. ஆனால் காசு கட்டும் தொகுப்புகள் விபிஎன், கடவுச்சொல் பெட்டகம் என்று பலவற்றைச் சுமந்துகொண்டு வருவதால் அவையும் இலேசானவை அல்ல. கைப்பேசிக்கும் சேர்த்து உரிமம் தருவார்கள். அந்தப் பகுதியை நான் முறையாகப் பயன்படுத்தியதில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இரண்டுமே செய்யாத வேலைகள் உண்டு. 2017 மே 12ஆம் தேதி வான்னாகிரை என்ற பிணைப்பண வைரஸ், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ், உலகமெங்கும் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. விண்டோஸ் புதுப்பிப்பைத் தள்ளிப்போடும் வீட்டில் எந்த ஆண்டிவைரஸும் பாதிக் காவல்தான். அதைவிட வருத்தமானது திருட்டு மென்பொருள். உடைத்த ஆஃபிஸைப் போடுவதற்காக 'முதலில் டிஃபெண்டரை அணைத்துவிடுங்கள்' என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். அணைத்த பிறகு யாரும் திரும்பத் திறப்பதில்லை.

சந்தாப் பணத்தை மிச்சப்படுத்தி நான் வாங்கியது ஒரு வெளி வன்தட்டு. குடும்பப் படங்களும் கணக்குகளும் அதில் ஒரு படி இருக்கின்றன. படி எடுத்து முடித்ததும் கம்பியைக் கழற்றிவிடுகிறேன், ஏனென்றால் செருகியே இருந்தால் பிணைப்பண வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். டிஃபெண்டரிலேயே கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்ற வசதி 2017 முதல் இருக்கிறது; அறிமுகமில்லாத செயலிகள் குறிப்பிட்ட கோப்புறைகளில் கைவைக்க முடியாதபடி தடுக்கும். நாமாகத் திறந்தால்தான் இயங்கும். சில நல்ல செயலிகளையும் அது தடுக்கும். அந்தச் செயலியை விண்டோஸ் செக்யூரிட்டியில் அனுமதித்துவிட்டால் சரியாகிவிடும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். டிஃபெண்டருக்கான வைரஸ் விவரங்கள் 2028 அக்டோபர் வரை கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, ஆனால் அது விண்டோஸின் ஓட்டைகளை அடைக்காது. 'பழைய கணினிக்கு இந்த ஆண்டிவைரஸைப் போட்டால் போதும்' என்று யாராவது உரிமம் விற்க வந்தால், அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பார்த்துவிடுங்கள்.